பெரிய வெள்ளிக்கு வைத்த கச்சேரி

ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்யும்போது நாடாவை விலக்கிவிடுவோம். எழுத்து மையாக விழாது, தாளைக் குத்திக்கொண்டு இறங்கும். தப்பாக இறங்கிவிட்டால் நகப்பூச்சு வாடையடிக்கும் சிவப்பு மருந்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும். எழுபதுகளில், தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டியிருந்த எங்கள் கலை மன்றத்தில் அடுத்த மாதம் வரப்போகிற படம், கச்சேரி, கண்காட்சி எல்லாவற்றையும் ஒரே தாளில் நான்தான் அடித்துக் கொடுப்பேன். பகலில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் மன்றம். கைம்மாறாகப் படம் போடும் நாளில் முன்வரிசை நாற்காலி கிடைக்கும். எனக்கு அது போதும்.

மன்றத்தின் செயலாளர், தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருமுறை, படம் தொடங்கும் நேரம் சரியாக இல்லையே என்று நான் கேட்டதற்கு, "ஏம்மா, குடுத்தத அப்படியே அடிச்சாப் போதும். திருத்துத வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அது எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அடுத்து வந்த அவருடைய கையெழுத்துப் பட்டியலில் பெரிய வெள்ளிக்கிழமைக்கு நேரே 'இசைக் கச்சேரி' என்று இருந்தது. நாள்காட்டியில் அந்தத் தேதி சிவப்பு. அவர் ஊரில் கோயில் விசேஷ நாளென்றால் கச்சேரி இல்லாமல் தீராது. அந்தப் பழக்கத்தில் வைத்துவிட்டார். நானோ கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஆண்டவர் உயிர்விட்ட அந்த நாளில் எங்கள் வீட்டு ரேடியோவைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். தப்பு எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறக்காமல் அப்படியே அடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது.

மாப்பிள்ளையூரணி, புதுக்கோட்டை என்று சுற்றுவட்டத்து ஊர்கள் வரைக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் தெருவில் தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் அதைக் கையில் பிடித்தபடி மன்றத்துக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. தணிந்த குரலில்தான் பேசினார். "அண்ணாச்சி, பெரிய வெள்ளிக்கிழம நாங்க கோயில் மணியே அடிக்க மாட்டோம். மரக்கட்டையத்தான் தட்டுவோம். நீங்க மிருதங்கம் வைக்கியளே?" செயலாளர், "தப்பு எம்மேலதான்" என்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்த எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாடப் போகிறவர் அவருடைய மனைவி என்பது அப்போது அவர் சொல்லித்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த அக்கா வெளியே பாடியதே இல்லை. மாமனார் ஒப்பவில்லை. பத்து வருஷம் கெஞ்சி, இந்த ஒரு கச்சேரிக்குத்தான் செயலாளர் சம்மதம் வாங்கியிருந்தார். "தேதி சொல்லாமத் தள்ளி வச்சோம்னு தெரிஞ்சா அப்பா சகுனம் சரியில்லம்பாரு. அதோட அவ பாட்டு முடிஞ்சுது" என்றார். அவரைக் குத்தத்தான் நினைத்தேன். முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் பாட்டு அதில் மாட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று மன்றத்தில் சங்கு, சிப்பிக் கண்காட்சி. அதன் நடுவிலேயே பாடினால் என்ன என்று நான்தான் திக்கித் திக்கிச் சொன்னேன். பக்கவாத்தியக்காரர்களுக்கு அன்று வேறு ஊரில் கச்சேரி. கூடத்தில் மேசைகள் நிறைந்திருக்கும், மேடை போட இடமிருக்காது. ஆனாலும் தண்டல் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ஒரு தோணியும் போவாது. ஆளுகள நான் கூட்டியாரேன்."

சொன்னபடி கூட்டி வந்தார். புதுச் சேலை, புதுச் சட்டையோடு தெருவே வந்தது. கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்கள் இரவல் தந்த சங்குகளை அவர்கள் பெண்டாட்டிகளே காவல் காப்பது போல் மேசையருகில் நின்றார்கள். அக்கா ஒரு சுருதிப்பெட்டியோடு ஜன்னலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி ஒரு முருகன் பாட்டைத் தொடங்கினார். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் தெளிந்தது. சங்கைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே வைக்க மறந்து நின்றார்கள். முடிந்ததும் ஒரு மீன்காரம்மா, "ஏளா, நிறுத்தாத, இன்னொண்ணு பாடு" என்று உரிமையோடு அதட்டினார். அக்கா ஆறு பாட்டு பாடினார். கூடத்தின் கடைசியில் மாமனார் நின்றிருந்தார். முடியும்வரை போகவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததா என்று தெரியவில்லை.

இப்போது எந்த ஊரில் என்ன கச்சேரி என்பது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. நான் பாடகர் பெயரைப் பார்க்குமுன் தேதியைத்தான் பார்க்கிறேன். அன்று சங்குகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, மனசு கேட்காமல் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லவேள சொல்லாம இருந்தே! மேடையும் மைக்கும் பாத்திருந்தேன்னா எனக்குச் சத்தமே வந்திருக்காது." பிறகு செயலாளர் நின்ற பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவருட்ட மட்டும் சொல்லிராத. தப்பு எம்மேலதான்னு அவரு ஒத்துக்கிட்டது இதுதான் முதத் தடவ."

கடைசிவரை நான் சொல்லவேயில்லை.