இத்தாலிக்காரன் வேண்டுமா என்று கூடிய கூட்டம்

கால்பந்து கிளப் ஜெயித்த நாட்களில் வீரராகவன் இலிஷ் மீன் வாங்கி வருவார். கல்கத்தா டாக்குரியாவில் அவர்கள் தெருவில் வெற்றி என்றால் இலிஷ்தான். மீன் சமைக்காத வீடு என்பதால், பையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்து, எதிர்வீட்டுப் பெரியவர் நிர்மல்தாவிடம் கொடுத்துவிட்டு நேரே குளிக்கப் போவார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மனைவி மாதங்கி இதை ஜன்னல் வழியாகப் பார்த்து வந்தாள்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னோடு தங்கியிருந்த தம்பி கிரிதர், மாடிப்படியில் வலது காலை மடக்காமல் இறங்குவதை அவள்தான் முதலில் கண்டாள்.

கிளப்புக்கு அவன் ஒருவன்தான் ஸ்ட்ரைக்கர். அதை வைத்துத்தான் துறைமுகத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. அந்த சீசன் முழுக்க ஆடினால் நிரந்தரமாகும்.

"டாக்டர் என்னடா சொன்னார்?"

"இன்னொரு தடவை முறுக்கினா கால் மடங்கவே மடங்காதாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "நீ வாயைத் திறந்தா என் வேலை போச்சு, அக்கா."

அவள் வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. சால்ட் லேக்கில் மிஷின் பொருத்த வந்திருந்த பாவ்லோ என்ற இத்தாலிக்காரன், ஊரில் சின்ன கிளப்பில் ஆடியவனாம். பேக்-அப் ஸ்ட்ரைக்கராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. மறுநாளோடு பெயர் பதிவு முடிகிறது.

"தொண்ணூத்தி நாலு வேர்ல்ட் கப்புல பெனால்டியை ஆகாசத்துக்கு அடிச்சது எந்த ஊர்க்காரன்?" என்று வீரராகவன் பெங்காலியில் எகிறினார். "கிரி இருக்கறப்போ பேக்-அப் எதுக்கு?"

"கிரிக்கு ஜுரம் வந்தா நீங்க இறங்கி ஆடுவீங்களா, தாதா?" என்றார் மருந்துக்கடை தபன். "உங்க தொப்பை ஒண்ணே ரெண்டு டிஃபெண்டரை மறைக்கும்."

கூடம் சிரித்தது. கிரிதர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, முன்னதாகவே வந்து சுவரோர நாற்காலியைப் பிடித்திருந்தான்.

"எனக்கு பேக்-அப் வேண்டாம். எல்லா மேட்ச்சும் நானே ஆடறேன்" என்றான்.

"கேட்டேளா?" என்றார் வீரராகவன். இத்தாலிக்காரன் வேண்டாம் என்று கைகள் உயரத் தொடங்கின.

அப்போது கடைசியாக நிர்மல்தா வந்தார். கிளப் தலைவர் அவர்தான். சீசன் தொடங்குமுன் ஆட்டக்காரர்கள் அவர் காலைத் தொட்டுப் பிரணாம் செய்வது வழக்கம். கிரிதர் உட்கார்ந்தபடியே கைகூப்பினான். கிழவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

டீத் தட்டோடு நின்ற மாதங்கி அதை நாற்காலி பக்கத்து மேஜையில் வைத்தாள். உயர்ந்த கைகளைப் பார்த்தாள். நாற்காலிக்கு முன்னால் நீட்டிக் கிடந்த காலைப் பார்த்தாள்.

"கிரி," என்றாள். அவள் குரலை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை. "நிர்மல்தாவுக்குப் பிரணாம் பண்ணலையாடா?"

மற்றவர்களுக்கு அது மரியாதை சொல்லிக்கொடுப்பதாகத்தான் பட்டது. கிரிதருக்குப் புரிந்தது. அவளையே பார்த்தபடி எழுந்தான். வலது காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, மேஜையைப் பற்றிக் குனிந்தான். பாதி குனிவதற்குள் முட்டி விட்டுப்போயிற்று. கிழவரின் காலடியிலேயே விழுந்தான்.

நிர்மல்தா கீழே உட்கார்ந்து பேன்ட்டை முட்டிவரை சுருட்டினார். வீங்கிப் பளபளத்த முட்டியை எல்லோரும் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றார். கிரிதர் பேன்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

மறுபடி ஓட்டுக் கேட்டபோது ஒவ்வொன்றாகக் கைகள் இத்தாலிக்காரனுக்கு ஆதரவாக உயர்ந்தன. கடைசிக் கை வீரராகவனுடையது.

பாவ்லோ அந்த சீசன் ஆடிவிட்டு ஊருக்குப் போனான். கிரிதருக்கு ஆபரேஷன் நடந்தது. துறைமுக வேலை நிரந்தரமாகவில்லை.

இப்போது ஹவுராவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறான். இரண்டு கால்களும் நன்றாக மடங்குகின்றன. அக்கா வீட்டுக்கு வருவதில்லை.