பூமி பூஜையில் பூச்சி வேட்டை

சில வருஷங்களுக்கு முன், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது நடந்தது இது. என் பூச்சிக்கு ஆங்கிலத்தில் ட்ரீஹாப்பர் என்று பெயர். முதுகில் கொம்பு வைத்திருக்கும். முள்செடியில் உட்கார்ந்தால் எது முள், எது பூச்சி என்றே தெரியாது. தொட்டால் துள்ளும்.

கூடுவாஞ்சேரியில் ஒரு காலி மனையில், கருவேலஞ்செடியில் அப்படி ஒன்று கிடைத்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பூச்சி! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் என் பேராசிரியர், "இது பெண் பூச்சிம்மா. ஆண் கிடைக்காம புது இனம்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே தாம்பரத்தில் ரயிலைப் பிடித்து ஓடினால், மனையில் ஷாமியானா, வாழைமரம், ஜே.சி.பி! பூமி பூஜையாம். முடிந்ததும் செடிகளை வாரிவிடுவார்கள். வேறெங்கும் அந்தப் பூச்சியை நான் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டு மனைக்காரரிடம் கெஞ்சினேன்.

"நல்ல நேரம் முடியப் போவுது. இன்னாம்மா நீ, பூச்சி கீச்சின்னு பேஜார் பண்றே?" என்றார்.

வேறு வழி? "புதுப் பூச்சின்னா உங்க பேரையே வைக்கிறேன் சார்" என்று ஒரு போடு போட்டேன். அவர் மீசையைத் தடவுவதற்குள் அவர் மனைவி முன்னால் வந்துவிட்டார்.

"இப்ப இருக்குற வூடு உங்க பேர்ல, மனை உங்க பேர்ல, கரண்ட் பில்லுகூட உங்க பேர்ல. பூச்சியாவது என் பேர்ல இருக்கட்டும். எப்படிப் பிடிக்கணும், சொல்லும்மா!"

"எறும்பு மொய்க்கிற கிளையா பாருங்கக்கா" என்றேன். அந்தப் பூச்சி விடும் தித்திப்பு நீருக்காக எறும்புகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான். அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு செடிக்குள் இறங்க, நாத்தனார், ஓரகத்தி, ஜே.சி.பி. டிரைவர் எல்லோரும் பின்னாலேயே இறங்கினார்கள். ஆளாளுக்கு முள்ளைத் தொட்டுப் பார்த்து "ஆ!" என்று அலறினார்கள். தொட்டதில் முக்கால்வாசி நிஜ முள். ஐயர் வாட்சைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார்.

கடைசியில் அக்கா தொட்ட முள் ஒன்று துள்ளி, நேராகக் கலசத் தேங்காயின் மேல் போய் உட்கார்ந்தது. கையோடு கொண்டுபோயிருந்த பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். ஆண்! சந்தோஷத்தில் எல்லோர் முன்னாலும் அழுதே விட்டேன்.

புது இனம்தான். ஆராய்ச்சி இதழில் அக்கா பேரோடு வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதைக் காட்டப் போனபோது வீடு எழும்பியிருந்தது. காம்பவுண்டு சுவர் நேராக வந்து, ஓர் இடத்தில் மட்டும் கோணலாக உள்ளே வளைந்திருந்தது. அந்த வளைவில் அதே கருவேலஞ்செடி, எறும்பும் பூச்சியுமாக நின்றது. அன்றைக்கே அக்கா ஜே.சி.பி.யை மறித்துவிட்டாராம். வாசலில் முள்செடி ஆகாது என்று வீடே சண்டை போட்டும் அசையவில்லை.

"பேர் வச்சாச்சுன்னா அது நம்ம வூட்டுப் புள்ளைம்மா. எடத்தைக் காலி பண்ணுன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

பேர் வைத்ததோடு என் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் ஒரு புதுப் பூச்சிக்குப் பேர் தேட உட்கார்ந்தால், அது இருக்கும் செடிக்கு யார் சுவரைத் தள்ளிக் கட்டப்போகிறார்கள் என்ற கவலைதான் எனக்கு முதலில் வருகிறது.