ஒரு நாள் மூட்டை

தளபதிக்குக் கொசுக்கடி என்றால் ஆகவே ஆகாது. அவரை நினைத்தால் முதலில் கண்முன் வருவதே அதுதான்: அட்டை வாளை இடுப்பில் செருகியபடி, அணையப் பார்க்கும் கொசுவத்திச் சுருளை ஊதிக்கொண்டு நிற்பார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை. நாங்கள் சிலர் விடுமுறைகளில் செஞ்சிக் கோட்டைக்குப் போய், வேடம் கட்டி, பழைய முற்றுகைப் போரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவோம். அவர் தளபதி, நான் ராணி. ஆபீசிலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

மூட்டை கட்டுவது என் பொறுப்பு. ஒரு நாள் பயணம் என்றால் தலைப்பாகை, வாள், கேடயம், கிரீடம், புளிசோறு, தண்ணீர் கேன், அவ்வளவுதான். ராத்தங்கல் என்றால் கூடாரம், தார்ப்பாய், அடுப்பு, அரிசி, போர்வை, டார்ச், தளபதிக்குக் கொசுவத்தி என்று நீளும். "நீங்க கட்னா ஒண்ணும் விட்டுப்போவாதுங்க" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருமுறை மூன்று நாளைக்கென்று கட்டி முடித்திருந்தேன். கிளம்புவதற்கு முன்தினம் போன் செய்தார். "மழை வர்ற மாதிரி இருக்குதுங்க. ஒரு நாள்தான். ஜாஸ்தி தூக்க வேணாம்." எல்லாவற்றையும் பிரித்துக் குறைத்தேன். மறுநாள் நடித்தோம், பிள்ளைகள் கைதட்டினார்கள். "நீங்க பஸ்ல போயிடுங்க, சாமானெல்லாம் நாங்க வேன்ல எடுத்தாந்துடறோம்" என்றார். என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோய்த் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். என்னைப்போல் ஏமாளி கிடையாது.

வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு அவரிடமிருந்து போன். "கொசுவத்தி எந்தப் பையிலங்க வெச்சீங்க?" பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

"ஒரு நாளைக்கு எதுக்குங்க கொசுவத்தி?" என்றேன்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "சார், நாளைக்கும் இதே கிரீடந்தானா?" என்று கேட்டது.

மூன்று நாளும் அங்கேயே தங்கிப் படம் பிடிக்க, வீடியோ எடுக்கிறவர்கள் கூடாரங்களோடு வந்திருக்கிறார்கள். ராணி இளவயதாக வேண்டுமாம். ஆபீசில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது; அவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துப் போர்வை வைத்திருப்பேன். என்னைக் கழற்றிவிடும் வேலையை என் கையாலேயே செய்ய வைத்தாரே, அது இன்றும் ஆறவில்லை.

போன வாரம் மேசையருகே வந்து நின்றார். "ராணியம்மா, மூணு நாள் போறோம். நீங்க கட்னாத்தான் சரிப்படும்."

"கட்டித் தர்றேங்க," என்றேன். "அதுல எனக்கு எத்தனை நாளுங்க?"