பாட்டுக்கு நடுவே கத்தியவன்

சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுபவர்களின் பாடல்களை மட்டும் வெளியிடும் சின்ன இசை லேபிள் ஒன்று எங்கள் விருத்தாசலத்தில் இருக்கிறது. அவர்கள் நடத்தும் கச்சேரி ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. பெரிய ரசிகன் என்ற திமிர் எனக்கு.

ஒரு கச்சேரியில் மேடையிலேயே பாட்டுப் பதிவும் நடந்தது. செராமிக் கம்பெனியில் வேலை செய்யும் செல்வி, இறந்துபோன தன் தங்கையைப் பற்றிப் பாடினார். பாதியில் சட்டென்று நிறுத்தினார். திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுபவர் நின்றால் வரி மறந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் கூச்சல் போடுவோம். அதே புத்தியில், "இன்னா, மறந்துட்டியா? சினிமா பாட்டு பாடு!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினேன். கூட்டம் சிரித்தது. அவர் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

பதிவு செய்த அண்ணன் திரும்பப் பாடச் சொல்லிக் கெஞ்சினார்.

"அடுத்த வரியில அவ பேரு வருதுண்ணா. மனச தேத்திக்கத்தான் நின்னேன். இனிமே என்னால முடியாதுங்க," என்றார் செல்வி. அந்தப் பாட்டு வெளிவரவே இல்லை.

மறுநாள், பாடுபவர்களும் ரசிகர்களும் இருக்கும் லேபிளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "கத்துனது எந்த நாயி?" என்று கேட்டார். பயத்தில் நானும், "அவன செருப்பால அடிக்கணும்" என்று போட்டேன்.

அதற்குக் கீழே செல்வி, "ரொம்ப நன்றிங்கண்ணா" என்று எழுதியிருந்தார்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.