அமத்துங்க என்றேன்

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்குள் கடிதம் போயாக வேண்டும். போகாவிட்டால் அத்தானின் உடல் வளைகுடாவின் பிணவறையில் சனிக்கிழமை வரை கிடக்கும். இடையில் வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. பேக்ஸ் மூன்று முறை தோற்றுவிட்டது. மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்றார் உடலை அனுப்பிவைக்கும் அங்குள்ள அலுவலகத்துக்காரர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா பஸ்ஸில் வந்தாள், உடலை ஊருக்கு அனுப்பக் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்தபடி. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் பிரவுசிங் சென்டர். ஒரே போன் லைன், ஒரே மோடம், மூன்று கம்ப்யூட்டர்கள். அந்த நூலளவு டயல்-அப் வேகத்தை மூன்றாகக் கிழித்துப் பங்கு வைத்துக்கொண்டிருந்த காலம்.

கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். நகரவில்லை.

"செத்த நேரம் எல்லாரும் அமத்துங்க. எங்க அத்தான் காரியம்," என்று கெஞ்சினேன்.

"அமத்தியாச்சு அண்ணாச்சி," என்றார் மகளுக்கு ஜாதகம் பார்க்க வந்திருந்த சோழபுரத்துக்காரர். "பொண்ணுக்கு நேரம் பாக்க வந்தா எனக்கே நேரம் சரியில்ல." சிரித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட்டு இறக்கிக்கொண்டிருந்த டீச்சரும், "நானும் அமத்திட்டேன்ணே," என்றார்.

இரண்டு திரைகளும் இருண்டன. கடிதம் நகர்ந்தது, இழுத்தது, நின்றது. அறுந்தது. மறுபடி டயல் செய்தேன். மோடம் தொண்டை கிழியக் கத்தியது.

"ஏலே, போயிருச்சா?"

"போவுதுக்கா."

"எம்புட்டுப் போயிருக்கு?"

"பாதி."

கால்வாசிகூடப் போகவில்லை. ஸ்கேனைச் சிறிதாக்கினேன். அதே லைனில் மோடத்தோடு இணைத்திருந்த போனைப் பிடுங்கினேன். வேகத்தைப் பங்கிடும் மென்பொருளை நிறுத்திக் கிளப்பினேன். ஒவ்வொரு முறையும் மூன்று மூச்சு ஓடும், நாலாவது மூச்சில் திணறும். கடிகாரம் மட்டும் திணறவேயில்லை.

இரண்டு இருபத்தைந்துக்குத்தான் கண்ணில் பட்டது. நாங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம், மோடத்தில் வாங்குவதைக் காட்டும் விளக்கு ஏன் இப்படித் துடிக்கிறது? யார் வாங்குவது?

டீச்சரின் மேசைக்கடியில் குனிந்தேன். கம்ப்யூட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திரையின் பொத்தானை அழுத்தினேன். பாட்டுகள், வரிசையாக, வாய் பிளந்து லைனை விழுங்கிக்கொண்டிருந்தன. எத்தனை முறை அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்கிற ஏற்பாடு. அதைப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

"அமத்துங்கன்னீக... அமத்துனேனே," என்றார் டீச்சர், அழுகிற குரலில்.

அவரைச் சொல்லி என்ன? எங்கள் பக்கம் விளக்கை அமத்துவோம், டிவியை அமத்துவோம். முன்னால் ஒளிர்வது இருண்டால் அமத்தியாயிற்று. கீழே ஒரு பெட்டி விழித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை.

பிளக்கை உருவினேன். கடிதம், அதுவரை அடம்பிடித்த அதே கடிதம், ஒரு தடவைகூட அறாமல் போனது. போய் முடிந்தபோது இரண்டு முப்பத்தெட்டு.

மோடத்திலிருந்த வயரைப் போனில் செருகி அந்த அலுவலகத்தை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலையா?"

இந்த முறை பொய் வாயில் வரவில்லை. "அடைச்சிட்டுப் போயிட்டாங்கக்கா."

அக்கா என் கையிலிருந்த ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்து, அடித்து ஓயும் வரை கேட்டாள்.

"அப்ப சனிக்கெழம வரைக்கும் அவிய அங்க ஒத்தையிலயா கெடப்பாவ?"