ஓடைக்கரையில் வந்த ஓசி ஏலம்

எங்கள் அப்பாவை ஏமாற்றுவது லேசில்லை என்று எங்கள் ஊர் சிலமலையில் எல்லோரும் சொல்வார்கள். அவரை மூன்று வருடம் ஒரு செடி ஏமாற்றியது. அந்தச் செடியை வைத்தவள் நான்.

மூன்றாம் வகுப்பு காலாண்டு விடுமுறையில் மலைக்குப் போனபோது, ஜீப் நின்ற இடத்தில் ஒரு பங்களாத் தோட்டம் இருந்தது. உள்ளே ஒரு செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, வாசம் ஆளைத் தூக்கியது. வெளியே அதன் கிழங்குகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துவந்து, எங்கள் ஏலத்தோட்டத்து ஓடைக்கரையில் யாருக்கும் தெரியாமல் நட்டு, சுற்றிலும் வட்டமாகக் கூழாங்கல் அடுக்கினேன்.

அதன்பிறகு அப்பாவும் நானும் கோடை விடுமுறைக்கு மட்டுமே மலையேறினோம். அப்போது அதில் பூ இருக்காது. இலை ஏல இலை மாதிரியே இருந்ததால், விழுந்த காயிலிருந்து தானாக முளைத்த ஏலம் என்று அப்பா முடிவுகட்டினார். போடியில் வாங்கிய உரத்தை அதற்குத்தான் முதலில் வைப்பார். கரை முழுக்கப் பரவியதும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

ஆறாம் வகுப்பு விடுமுறையில் அத்தை களையெடுக்க வந்தார். அப்பாவின் தங்கை. எஸ்டேட்டுகளில் களையெடுத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். குனிந்து தூரைத் தடவினார்.

“இது ஏலம் இல்லண்ணே. ஏலம்னா இந்நேரம் தூருல பூச்சரம் விட்டிருக்கும். இது உச்சியில பூக்குற சாதி. விட்டா ஏலத்தையே அமுக்கிரும்.”

அப்பா நம்பவில்லை. படித்தவர் அல்லவா? அத்தை மல்லுக்கட்டாமல் அவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்து வரிசையைக் காட்டினார். எங்கள் அசல் ஏலம் அந்தச் செடிகளின் நடுவே நோஞ்சானாக நின்றது. அப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

கோபத்தில் மண்வெட்டியை எடுத்துவந்தார். அத்தை அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகிவிடும் என்று சொல்லிக் கடப்பாரை கொண்டுவர அனுப்பினார். கிழங்கை முழுசாக நெம்பி எடுத்துவிட்டு, மண்ணைக் கையால் துழாவி, சுண்டுவிரல் அளவுத் துண்டைக்கூடப் பொறுக்கினார். ஒன்று ஓடையில் விழுந்தாலும் கீழே உள்ள தோட்டமெல்லாம் பாழ் என்று, எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தானே சுமந்துபோய் மேட்டுப் பாறையில் காயப்போட்டார். நான்கு நாள் இதே சோலி. அப்படி ஒரு வேலைக்காரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

கடைசி நாள், இதைக் கொண்டுவந்து வைத்தவர் யாரென்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றார் அப்பா. நான் அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“பட்சி எதும் கொண்டாந்து போட்டிருக்கும்ணே” என்றார் அத்தை, தலை நிமிராமல்.

இவ்வளவு தெரிந்த அத்தைக்கு இது தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வேலை தொடங்கிய முதல் நாள், அப்பா கடப்பாரை எடுக்கப் போன நேரத்தில், அத்தை புதருக்குள் கைவிட்டு நான் வட்டமாக அடுக்கியிருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓடையில் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். களையெடுப்பவர்கள் கல்லையும் பொறுக்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.