ஸ்னோடனிலிருந்து பாலைவனத்துக்கு ஒரு நிலையம்

எண்பத்தேழு மாசியில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, மொன்றியல் ஸ்னோடன் நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். அடுத்த நிலையமான வில்லா-மரியாவில் இறங்கிவிட்டேன். இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று வாசகர் சிரிக்கலாம். முன்பு சவூதிவரை விமானத்தில் போய் மூன்று வருடம் கட்டட வேலை செய்தவன் நான். அதைப்பற்றி எழுத ஒரு வரியும் கிடைக்கவில்லை.

கூட வந்தவர் மன்னார் அந்தோனி அண்ணை. பிரெஞ்சு தெரிந்தவர். எங்கள் அறையில் படுக்கும் ஐந்து பேருக்கும் அவர்தான் வாய். வெள்ளிக்கிழமை என் மனைவியும் மகளும் வந்து இறங்குகிறார்கள். அந்த அறைக்குள் அவர்களை எப்படிக் கூட்டிப்போவது? நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மாடிவீடு காலியாக இருந்தது. கட்டடத்துக்குப் பொறுப்பான அபு சாலிம் ஜோர்தான் பாலைவனத்து அரபுக்காரர்.

"உமக்கு அவையின்ர ஆக்களை நல்லாத் தெரியுமெண்டு அடிச்சு விட்டிருக்கிறன். தாறதை வேண்டாமெண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்," என்றார் அண்ணை.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது. அண்ணை கையுறையை மெட்ரோவில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

பத்தரைக்கு அபு சாலிமின் கீழ்வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தோம். "சவூதியில் யார் யார் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய்?" என்று பிரெஞ்சில் கேட்டார். அண்ணை அதைத் தமிழில் சொல்ல, "கனபேர் வீட்டில," என்றேன் கூசாமல்.

பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட கசப்புக் கோப்பி வந்தது. போன இடத்தில் மிச்சம் வைக்கக் கூடாதென்று வளர்ந்தவன், குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டினேன். மறுபடி ஊற்றினார். குடித்தேன். ஊற்றினார். குளிரில் கை நடுங்கிக்கொண்டிருந்த அண்ணைக்கு மட்டும் ஒன்றோடு நிறுத்திவிட்டார். எட்டாவது கிண்ணத்தில் என் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"அண்ணை, இந்த மனுசன் என்னைக் கொல்லப்போறார்."

"குடியும். வீடு வேணுமெல்லே?"

ஒன்பதாவதுக்குக் கிண்ணத்தை நீட்டினேன். அபு சாலிம் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டுமாம். அண்ணையின் நடுக்கத்தை அவர் அப்படித்தான் எடுத்திருக்கிறார். பிறகு சிரிப்பு நின்றது. இவன் எங்கள் ஆட்கள் வீட்டில் ஒருநாளும் கோப்பி குடித்ததில்லை என்றார்.

வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். இனி மறைத்து என்ன? உள்ளதைச் சொன்னேன். நான் கண்ட சவூதி, வேலியடைத்த ஒரு முகாம். என் கொட்டிலில் மலையாளிகள், அடுத்ததில் பிலிப்பைன்ஸ்காரர், அதற்கப்பால் கொரியர். வாசலில் நின்ற காவலாளிகூட யேமன்காரன். அந்த மண்ணின் மனிதர்கள் கார்க் கண்ணாடிக்குள் இருந்தபடி எங்களைக் கடந்து போனார்கள்.

"மூண்டு வருசத்தில ஒருத்தரும் உள்ளுக்கு வா எண்டு கூப்பிடேல்லை," என்று முடித்தேன்.

அண்ணை மொழிபெயர்த்து முடித்தார். அபு சாலிம் எழுந்துபோய்ச் சாவிக்கொத்திலிருந்து அந்த வீட்டுத் திறப்பைக் கழற்றிவந்து என் கையில் வைத்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"நீர் பொய் சொன்னதுக்குக் கோவமாம்," என்றார் அண்ணை. "தங்கட ஆக்கள் கூப்பிடாததுக்கு வெக்கமாம். வெள்ளிக்கிழமை மனுசியையும் பிள்ளையையும் முதல் இஞ்ச கூட்டிக்கொண்டு வரட்டாம். சாப்பிட்டுட்டுத்தான் மேல போகவேணுமாம்."

பதினொன்றரைக்கு வெளியே வந்தோம். பாலைவனத்தில் மூன்று வருடம் திறக்காத கதவு, முழங்காலளவு பனிக்குள் திறந்திருந்தது. திறப்பைப் பொத்திப் பிடித்தபடி தெருவில் நின்று அழுதேன்.

"கோப்பி கூடிப்போச்சு," என்றார் அண்ணை.